வசதி குறைந்த இடங்களில் பெரிய கட்டிகளுக்கான அறுவை சிகிச்சை முகாம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ முகாம்களுக்குப் போக விரும்பும் சர்ஜன்கள், மயக்க மருந்து நிபுணர்கள், செவிலியர்கள், அவர்களை அனுப்பும் அமைப்புகள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முகம், கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் வளரும் பெரிய கட்டிகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாமில் எந்த ஆபரேஷனைச் செய்யலாம் என்பதை சர்ஜனின் கைத்திறனை வைத்து முடிவு செய்யக் கூடாது. குழு கிளம்பிப் போன பிறகு அந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன இருக்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டி இவ்வளவு பெரிதாகும் வரை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

யாரும் விட்டுவிடுவதில்லை, போக இடமில்லை. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று 2015-இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் உலக அறுவை சிகிச்சை ஆணையத்தின் அறிக்கை கணக்கிட்டது. ஆண்டுக்கு நடக்கும் சுமார் 31.3 கோடி ஆபரேஷன்களில், உலக மக்கள்தொகையில் மிக ஏழையான மூன்றில் ஒரு பங்கினர் வாழும் நாடுகளில் நடப்பவை 6 சதவீதம்தான். ஆபரேஷனுக்குப் பணம் கட்டியே நொடித்துப்போகிறவர்கள் ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

முகாமுக்கு வருகிறவரிடம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி கதைதான் வரும். முதலில் பல் ஆடியது, பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் போகவில்லை. நாட்டு வைத்தியம் பார்த்தார்கள். பிறகு தொலைவில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அங்கே சொன்ன தொகையைக் கேட்டுத் திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வீட்டிலேயே பல வருடங்கள்.

புற்றுநோய் இல்லாத கட்டிக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

புற்று இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. தாடையில் வரும் அமிலோபிளாஸ்டோமா, பல்லை உருவாக்கும் செல்களிலிருந்து முளைக்கும் கட்டி. உடலின் வேறு பாகங்களுக்கு அது பரவுவது மிக அரிது. ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே வளரும். நாக்கை மேலும் பின்னும் தள்ளும். மெல்ல முடியாது, அப்புறம் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிட முடியாது. நல்ல வசதியுள்ள ஊரில் எலுமிச்சை அளவிலேயே எடுத்துவிடும் கட்டியால் இன்னொரு ஊரில் ஒருவர் பட்டினி கிடந்து சாகிறார்.

முகாமுக்கு மிகவும் ஏற்றவையும் இந்த வகைக் கட்டிகள்தான். சுற்றிலும் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்போடு சேர்த்து முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். கதிர்வீச்சும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வளரும். அப்படிச் சுரண்டிவிட்டு வருவதைவிடத் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

யாரை ஆபரேஷனுக்கு எடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது?

முகாமின் மிகக் கடினமான வேலை இதுதான். பலர் இதை முதல் நாள் காலை ஒரு வரிசை வைத்து முடித்துவிடுகிறார்கள், அது போதாது. உள்ளூர் மருத்துவர் சில வாரங்களுக்கு முன்பே நோயாளிகளைப் பார்த்துப் படமும் விவரமும் அனுப்பியிருக்க வேண்டும். குழு அவற்றைக் கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ஒவ்வொருவரைப் பற்றியும் நான் கேட்கும் கேள்விகள் இவை. இந்த ஒரே ஆபரேஷன் இவருக்கு உண்மையிலேயே பலன் தருமா, அல்லது இதற்குப் பிறகு இங்கே கிடைக்காத சிகிச்சை எதுவும் தேவைப்படுமா? இரவு இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக முடியுமா? மூச்சுவிடப் பொருத்திய குழாயோடு இருப்பவரை இரவு முழுக்கக் கவனிக்க, அந்த வேலை தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா? பத்து நாள் கழித்துக் காயம் பிரிந்தால் தைக்க யார் இருக்கிறார்கள்? இதில் ஒன்றுக்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தாலும் அந்த ஆபரேஷனை அந்த முகாமில் செய்யக் கூடாது.

"முடியாது" என்று சொல்ல வேண்டி வந்தால், மூத்த சர்ஜனே நோயாளியின் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலரை வைத்துச் சொல்ல வைப்பது அநியாயம். நான்கு நாள் நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர் அவர்.

திசுப் பரிசோதனை இல்லாமல் அறுக்கலாமா?

பெரிய ஆபரேஷன் என்றால் கூடாது. இதற்கு வரலாற்றிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1957-இல் உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற சர்ஜனிடம் தாடையின் பல பக்கங்களிலும் வீக்கத்தோடு ஒரு சிறுவனைக் காட்டினார்கள். சில வாரங்களில் வேறொரு ஊரில் இதே போல் இன்னொரு குழந்தையைப் பார்த்தார். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, இது ஒரு தனி நோய் என்று 1958-இல் எழுதினார். இன்று அதைப் பர்கிட் லிம்ஃபோமா, அதாவது ஒரு வகை நிணநீர்ப் புற்று, என்கிறோம். கத்தியால் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளைக் கொடுத்தபோது அந்தப் பெரிய வீக்கங்கள் நாட்களிலேயே சுருங்கின. அந்தக் கட்டியின் செல்களில்தான் 1964-இல் எப்ஸ்டீன்-பார் வைரஸையும் கண்டுபிடித்தார்கள்.

ஆக, தாடை வீங்கிய ஒரு குழந்தையை உடனே மேசையில் ஏற்றினால் மருந்தில் குணமாகும் நோய்க்குத் தாடையை வெட்டிவிட வாய்ப்பிருக்கிறது. எவ்வளவு காலத்தில் வளர்ந்தது என்று கேளுங்கள். வருடக்கணக்கில் என்றால் அமிலோபிளாஸ்டோமா போன்றவற்றை நினைக்கலாம். வாரக்கணக்கில், அதுவும் குழந்தைக்கு என்றால், முதலில் லிம்ஃபோமாவை நினையுங்கள். கழுத்தில் கட்டி கட்டியாக இருப்பது காசநோயாகவும் இருக்கலாம்.

மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் துண்டில் தடவுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பார்த்துச் சொல்ல நோய்க்கூறியல் நிபுணர் அங்கே இல்லையென்றால் மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படமெடுத்து அனுப்பிக் கேட்கலாம். ஆபரேஷனில் எடுத்த கட்டியையும் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் திசுவைப்போல் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். பெரிய கட்டியை முழுசாகப் போட்டால் மருந்து உள்ளே போகாமல் நடுப்பகுதி கெட்டுவிடும், அதனால் பிளந்து போடுங்கள். முடிவு வருவதற்குள் குழு கிளம்பியிருக்கும். அதை வாங்கி நோயாளியிடம் சொல்வது யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வையுங்கள்.

சி.டி. ஸ்கேன் இல்லையென்றால்?

சாதாரண எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், கை விரல்கள் ஆகியவற்றைக் கொண்டே நிறைய முடிவு செய்யலாம். கட்டி அசைகிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, நாடித் துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஆனால் மண்டை ஓட்டின் அடிப்பகுதிக்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகமோ, கழுத்தின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றியிருக்கலாம் என்ற சந்தேகமோ இருந்தால், ஸ்கேன் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

மயக்க மருந்து கொடுப்பதில் என்ன அப்படி ஆபத்து?

முகத்திலும் கழுத்திலும் பெரிய கட்டி உள்ளவர்களில், கத்தி படுவதற்கு முன்பே உயிர் போகக்கூடிய கட்டம் இது. விழித்திருக்கும்போது நாக்கும் தொண்டையும் தசைகளின் பலத்தில் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. மயக்கம் கொடுத்ததும் தசைகள் தளர்ந்து கட்டி பின்னால் சரியும். அப்போது முகமூடி வைத்துக் காற்று அடிக்கவும் முடியாது, குழாய் போடவும் முடியாது.

எனவே நோயாளியிடம், "ராத்திரி எப்படிப் படுத்துத் தூங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். உட்கார்ந்தபடியே தூங்குகிறேன், ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும் என்றெல்லாம் சொன்னால், அவரை மல்லாக்கப் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, தொண்டையை மட்டும் மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக வளையும் கேமராக் குழாயின் உதவியோடு மூச்சுக் குழாயைப் போடுவது. மற்றொன்று, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது, அதாவது ட்ரக்கியாஸ்டமி. கேமராக் குழாய் பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காத இடங்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். கீட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் தானாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார் என்பதால், இந்த மாதிரி இடங்களில் அது மிகவும் பயன்படும் மருந்து. ஆனால் கட்டி அடைத்த வழியை அது திறந்துவிடாது.

எந்த வழியானாலும் மயக்கம் தொடங்கும்போதே சர்ஜன் கையுறை போட்டு, கழுத்தில் வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர் இல்லாத குழு இந்தக் கட்டிகளைத் தொடக் கூடாது. சர்ஜன் ஒருவர் குறைந்தால் முகாம் நடக்கும், இவர் இல்லையென்றால் நடக்காது.

ரத்த வங்கி இல்லாத இடத்தில் என்ன செய்வது?

முதலில், ரத்தம் போகாமல் பார்த்துக்கொள்வது. வெட்டும் இடத்தில் அட்ரினலின் கலந்த திரவத்தை ஊசியால் பாய்ச்சுவது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, ட்ரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பது, முகத்துக் கட்டியாக இருந்தால் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் வெளிக் கழுத்துத் தமனியை முன்கூட்டியே கட்டுவது எல்லாம் உதவும். வாரக்கணக்கில் நேரம் இருந்தால், ரத்தசோகை உள்ளவருக்கு இரும்புச் சத்தும் குடற்புழு மருந்தும் கொடுத்துத் தேற்றிக்கொண்டு வரலாம்.

அதையும் மீறித் தேவைப்பட்டால், அப்போதே கொடையாளரிடமிருந்து எடுத்த முழு ரத்தம்தான் வழி. அதில் சிவப்பணுக்களோடு தட்டணுக்களும் உறைவதற்கான பொருட்களும் அப்படியே இருக்கும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகிய பரிசோதனைகள் செய்யாமல் ஒரு துளியும் ஏற்றக் கூடாது. மலேரியா உள்ள பகுதி என்றால் அதையும் பார்க்க வேண்டும். யார் யார் கொடுக்கத் தயார், அவர்களுடைய ரத்த வகை என்ன என்ற பட்டியல் ஆபரேஷனுக்கு முந்தைய நாளே கையில் இருக்க வேண்டும்.

மின்சாரம், ஆக்சிஜன், கிருமி நீக்கம்?

கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் காற்றிலுள்ள நைட்ரஜனை நீக்கிச் சுமார் 93 சதவீத ஆக்சிஜனைத் தரும், நல்ல கருவிதான். ஆனால் கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். நிரம்பிய சிலிண்டர் ஒன்றும், கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பையும் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சர்ஜன் தலையில் பேட்டரி விளக்கு மாட்டியிருக்க வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தியேட்டரில் மட்டும் போதாது, வார்டிலும் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன் என்பதைப் பல இடங்களில், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ்தான் முடிவு செய்கிறது. 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் என்பது நீராவி வேலை செய்யும் நேரம் மட்டும். சூடேறுவது, ஆறுவது, காய்வது எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

பெரிய தைராய்டுக் கட்டிகளை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எவ்வளவு எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க தினமும் தைராக்சின் மாத்திரை வேண்டும். மாத்திரை தொடர்ந்து கிடைக்காத ஊரில் அப்படிச் செய்தால், கட்டியிலிருந்து காப்பாற்றிய ஒருவரை வேறொரு நோய்க்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளும் சேர்ந்து போனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதடுகளைச் சுற்றி மரத்துப்போவது, கை விரல்கள் இழுத்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரியும், அதற்குள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். குரல்வளைக்குப் போகும் நரம்பு இரண்டு பக்கமும் அடிபட்டால் மூச்சே அடைக்கும். ஆகவே புற்று இல்லாத கட்டிகளில் ஒரு பக்கத்தை எடுத்து, மறுபக்கத்தில் வேலை செய்யும் சுரப்பியை விட்டுவைப்பதையே நான் விரும்புகிறேன்.

முதல் 24 மணி நேரத்தில் கழுத்துக்குள் ரத்தம் தேங்கினால் மூச்சுக் குழாய் நசுங்கும். தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருக்காது. கட்டிலருகிலேயே தையலைப் பிரித்துத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கான கத்தரிக்கோலும் தட்டும் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் இருக்க வேண்டும். உள்ளூர் நர்ஸுக்கு அதைச் செய்து காட்டி, யாரையும் கேட்காமல் பிரிக்கலாம் என்ற அதிகாரத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

தாடையை எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன வைப்பது?

வசதியுள்ள மருத்துவமனைகளில் காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாய்களோடு எடுத்து, மைக்ராஸ்கோப்பின் உதவியால் இணைக்கிறார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆகும். பிறகு ரத்த ஓட்டம் நிற்காமல் இருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், நின்றால் உடனே திறக்க வேண்டும். முகாமில் பொதுவாக டைட்டானியம் தகட்டைத் தாடை வடிவத்துக்கு வளைத்துப் பொருத்திவிட்டு, சில மாதம் கழித்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைப்பார்கள். இங்கேதான் காலம் முக்கியமாகிறது. 1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவமனைக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் ஏறக்குறைய பத்து மாதம் நிற்பதால் இரண்டு கட்டங்களையும் அதே குழுவே முடிக்க முடிகிறது. இரண்டு வாரத்தில் திரும்புகிற குழு, அடுத்த கட்டத்தை யார் செய்வார்கள் என்று தெரியாமல் முதல் கட்டத்தைத் தொடங்கக் கூடாது.

இன்னொன்று. தாடையின் நடுப்பகுதியை எடுத்தால் நாக்கின் பிடிமானம் போய்விடும், நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைக்கும். ட்ரக்கியாஸ்டமி குழாயை எடுக்க அவசரப்படாதீர்கள்.

மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவருக்கு உடனே ஆபரேஷன் செய்யலாமா?

மூச்சு அடைக்கும் நிலை இல்லையென்றால் காத்திருங்கள். முதலில் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாயில் உணவு கொடுத்துத் தேற்ற வேண்டும். ஆனால் ஆசையாக ஒரேயடியாக ஊட்டிவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சரிந்து இதயம் தடுமாறும். நாளுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 கலோரியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுங்கள்.

வயிற்றில் பெரிய கருப்பைக் கட்டியோ சினைப்பைக் கட்டியோ உள்ளவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மல்லாக்கப் படுத்ததும் கட்டி பெரிய சிரையை அழுத்தி ரத்த அழுத்தம் விழும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

முகாமில் செய்யவே கூடாத ஆபரேஷன்கள் உண்டா?

நரம்பின் உறையிலிருந்து முளைத்து முகத்தில் பரவி வளர்ந்த நியூரோஃபைப்ரோமா என்ற கட்டியை "கொஞ்சம் குறைத்து விடலாம்" என்று தொடுவது ஆபத்து. அதன் ரத்தக் குழாய்கள் கட்டினால் கிழியும், எல்லையே தெரியாது. கதிர்வீச்சு இல்லாத நாட்டில், கதிர்வீச்சு இல்லாமல் பயன்படாத புற்றுநோய் ஆபரேஷன். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாமல் கல்லீரல், உணவுக்குழாய் ஆபரேஷன்கள். குழுவில் யாரும் தங்கள் ஊரில் வழக்கமாகச் செய்யாத எந்த ஆபரேஷனும். ஏழை நோயாளியின் உடல் புதிதாகக் கற்றுக்கொள்ளும் இடம் கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மொழி தெரியாத நோயாளியிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது?

உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், கெட்ட செய்தியை அவர் விழுங்கிவிடுவார். மருத்துவச் சொற்கள் தெரிந்த ஒருவரை வையுங்கள். சொல்லி முடித்ததும், என்ன புரிந்தது என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ட்ரக்கியாஸ்டமி செய்தால் கண் விழிக்கும்போது குரல் வராது என்பதை முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் குரலே போய்விட்டது என்று பயந்துவிடுவார். முகம் எப்படி மாறும், உதடு கோணுமா, உணர்ச்சி போகுமா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். போட்டோவுக்குத் தனிச் சம்மதம். படம் எடுக்க மறுத்தாலும் சிகிச்சை கிடைக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வர வேண்டும்.

சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் இங்கே தேவையா?

இங்கேதான் அதிகம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. அந்த நகரங்களில் பணக்கார ஊர்களும் இருந்தன, ஏழை ஊர்களும் இருந்தன. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஒருவரையொருவர் முன்பின் பார்க்காதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும் முகாமில், பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதே ஒரு பாதுகாப்பு.

உள்ளூர் மருத்துவர்களின் பங்கு என்ன?

அவர்கள்தான் முகாமை நடத்துகிறவர்கள், நாம் உதவிக்குப் போகிறவர்கள். கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளின் அறுவை சிகிச்சையாளர் கல்லூரியாக 1999-இல் தொடங்கிய கோசெக்சா அந்த நாடுகளிலேயே சர்ஜன்களை உருவாக்கி வருகிறது. அப்படிப் பயிற்சி பெறும் இளம் மருத்துவர் இருக்கிற தியேட்டரில், அவர் கையில் கத்தியைக் கொடுத்து நாம் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஒரு ஆபரேஷன் குறையும், குறையட்டும்.

ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஆனவருக்கு ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. வலி நிவாரணம், புண்ணைச் சுத்தமாக வைத்தல், நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் பொடி, மூச்சுக்கு ட்ரக்கியாஸ்டமி, உணவுக்குக் குழாய். 1993-இல் ஆன் மெரிமன் என்ற மருத்துவர் உகாண்டாவில் தொடங்கிய, குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா அமைப்பு, மார்பின் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் மருந்தாகவே செய்து வீடுகளுக்குக் கொண்டுபோனது. அது மலிவு, சேமிக்க எளிது. முகாம் நடக்கும் நாட்டில் இந்த மருந்து கிடைக்கிறதா, யார் எழுதிக் கொடுக்கலாம் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தால், "முடியாது" என்று சொன்ன பிறகும் அவருக்குக் கொடுக்க நம் கையில் ஒன்று இருக்கும்.

எனக்கு ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும். போகலாமா?

போகலாம். ஆண்டு முழுவதும் சர்ஜன் இருக்கிற மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த ஆண்டும் அங்கேயே போங்கள். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக அனுமதியை வாங்குங்கள். பெரிய ஆபரேஷன்களை முதல் இரண்டு நாட்களில் வையுங்கள், கடைசி இரண்டு நாளில் சின்னக் கட்டிகள் மட்டும். டிக்கெட் போடுவதற்கு முன் அங்குள்ள தியேட்டர் நர்ஸிடம் ஒருமுறை பேசி, ஆட்டோகிளேவ் எத்தனை, ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது, இரவு வார்டில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்களை வைத்து ஆபரேஷன் பட்டியலைப் போடுங்கள்.